ஓசூருக்குப் போன பாட்டில்

ஆகஸ்ட் 2, சனி

பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய நாள். பொன் கைவசம் இல்லாததால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுகிறேன். இன்று காலை பதினொன்று பத்துக்கு, பாளையங்கோட்டையில், ஓய்வு பெற்ற பஸ் டிக்கெட் பரிசோதகரும், பஸ் வளைவில் திரும்பும்போதே உள்ளே எத்தனை பேர் டிக்கெட் எடுக்கவில்லை என்று சொல்லிவிடக்கூடியவனுமான ஆவுடையப்பன் ஆகிய நான், புகை மணக்கும் மிளகாய் சாஸ் தயாரிப்பது என்று தீர்மானித்தேன்.

காரணம் என் அக்கா மகள் செண்பகவல்லி. ஓசூரில் கம்பெனி வேலை. ஆறாவது மாதம். மாப்பிள்ளை கோமதிநாயகம் பயிற்சிக்காக ஒரு மாதம் புனே போயிருப்பதால் தனியாக இருக்கிறாள். காலையில் போன் செய்தாள்.

"மாமா, இங்க ஒரு கடையில வெளிநாட்டு சாஸ் ருசி பாக்கக் குடுத்தான். சுட்ட மிளகாய் வாசனை. நாக்குல ஒரு சொட்டு வச்சேன். அதுலேர்ந்து அதே நெனப்பா இருக்கு."

"வாங்க வேண்டியதுதானட்டீ."

"அதுல என்னென்ன போட்டிருக்கானோ மாமா. லேபிள்ல பாதி எனக்கு வாசிக்கவே தெரியல. பயமா இருந்துச்சு, வச்சிட்டு வந்துட்டேன்."

என் மருமகளின் நாக்கை எவனோ ஒரு வெள்ளைக்காரன் ஒரே சொட்டில் பிடித்துவிட்டான். தாய்மாமன் என்று ஒருத்தன் உயிரோடு இருக்கும்போது இது நடக்கலாமா. போனை வைத்ததும் பரணில் ஏறினேன்.

என் மனைவி வடிவு கீழே நின்று பார்த்தாள். "அவ ஆசைப்பட்டது ஒரு சொட்டு. நீங்க அண்டா தேடுதீங்க" என்றாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மார்க்கெட்டில் பழுத்த மிளகாய் இரண்டு கிலோ. கடைக்காரர் என்னிடம், "அண்ணாச்சி, ஊறுகாய்க்கா" என்று கேட்டார். "ஏற்றுமதிக்கு" என்றேன். ஓசூர் ஏற்றுமதிதானே.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

புகைக்குக் கட்டை வேண்டும். அதுவும் பழமரத்துக் கட்டையாக இருந்தால்தான் வாசனை மென்மையாக ஏறும் என்று, இந்தக் கலையில் நேற்று இரவுவரை தீவிர ஆராய்ச்சி செய்ததில் தெரிய வந்தது. எங்கள் தெருக்கோடி அம்மன் கோயில் நந்தவனத்தில் ஒரு கொய்யா மரம் உண்டு. தோட்டக்காரர் பேச்சிமுத்துவைக் கேட்டேன்.

"கொப்பெல்லாம் போன மாசமே வெட்டிக் காயப் போட்டிருக்கு அண்ணாச்சி. கெணத்துப் பக்கம் கெடக்கு. எடுத்துக்கிடுங்க" என்றார். அவர் பூக்கூடையோடு உள்ளே போய்விட்டார்.

கிணற்றடியில் ஒரு குவியல் கிடந்தது. இலையெல்லாம் உதிர்ந்து, நன்றாகக் காய்ந்து, என்னையே எதிர்பார்த்துக் காத்திருந்தது போல. இரண்டு கட்டாகக் கட்டி ஸ்கூட்டரில் ஏற்றினேன். வழியில் பார்த்தவர்கள் வனத்துறைக்குத் தகவல் சொல்லாதது அதிசயம்.

வடிவு ஒரு குச்சியை எடுத்துத் தடவினாள். "கொய்யாப் பட்டைன்னா வழவழன்னுல்லா இருக்கும்."

"காஞ்சா எல்லாம் அப்படித்தான். உன்னைய எடுத்துக்கோ."

அதற்குப் பிறகு மதியம் ரசம் மட்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

புகை மூட்டம். பழைய எண்ணெய் டின், அடியில் கட்டைக் கங்கு, மேலே கம்பி வலை, வலையில் மிளகாய், அதற்கு மேல் நனைத்த சாக்கு. மொட்டை மாடியில் காலை ஏழு முதல் மதியம் ஒன்று வரை. தீ எரியக் கூடாது, புகைய வேண்டும். எரிந்தால் தண்ணீர் தெளி, அணைந்தால் விசிறு. ஆறு மணி நேரம் என் கண்களிலிருந்து ஓடிய நீரைத் தேக்கியிருந்தால் மானூர் வட்டாரத்தில் ஒரு போகம் விளைந்திருக்கும். எதிர் வீட்டில் குற்றாலச் சாரல் இறங்கிவிட்டதாக நினைத்துக் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துவிட்டார்கள்.

ஆனால் அந்த மிளகாய். சிவப்பு போய், பழுப்பும் கறுப்புமாய், தோல் சுருங்கி, கோபித்துக்கொண்ட கிழவர்கள் போல வரிசையாகக் கிடந்தன.

ஆகஸ்ட் 7, வியாழன்

மிளகாய், பூண்டு, உப்புத் தண்ணீர். பீங்கான் ஜாடியில் போட்டு வாயில் துணி கட்டினேன். பத்து நாள் புளிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஜாடி பேசுகிறது. காதை வைத்தால் குமிழி குமிழியாக ஏதோ சொல்கிறது. செண்பாவுக்குப் போன் செய்து கேட்க வைத்தேன்.

"மாமா, இது வயித்துக்குள்ள கேக்குற மாதிரியே இருக்கு" என்று சிரித்தாள்.

போனை வைத்த பிறகு வடிவு சொன்னாள். "தினம் தினம் போன் போட்டு அவளுக்கு ஆசை காட்டாதீங்க. நல்லபடியா ஆகட்டும். போன தடவை மாதிரி..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அந்தப் பேச்சுக்கு இந்த டைரியில் இடமில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

குமிழி குறைந்துவிட்டது. கெட்டுப்போயிற்றோ என்று நாலு முறை முகர்ந்து பார்த்தேன். வாசனை ராஜ வாசனை. நாலாவது முறை முகர்ந்தபோது வடிவு பின்னால் வந்து, "அது ஓடிப் போயிராது" என்றாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மிக்ஸியில் அரைத்து, வினிகரும் ஒரு துண்டு கருப்பட்டியும் சேர்த்துக் கொதிக்க வைத்து, வடிகட்டினேன். மூன்று பாட்டில் தேறியது. இரண்டு கிலோ மிளகாய், பதினைந்து நாள், ஒரு மனிதனின் கண்பார்வை, மொத்த விளைச்சல் மூன்று பாட்டில்.

தோசையில் முதல் சொட்டைத் தொட்டு நான்தான் சாப்பிட்டேன். முதலில் புகை, அப்புறம் இனிப்பு, அப்புறம் காதுக்குப் பின்னால் யாரோ தீக்குச்சி உரசியது போல ஒரு காரம். வடிவுக்கு வயிற்றுப்புண் என்பதால் தொடவில்லை. நான் பட்டினி கிடந்தவன் போல ஆறு தோசை சாப்பிட்டேன்.

செண்பாவின் பாட்டில் மூடிக்கு மேல் சிவப்பு நூல் சுற்றி, அரக்கு உருக்கி ஊற்றி, ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் எனக்குப் போட்ட மோதிரத்தால் முத்திரை குத்தினேன். ஓட்டுப் பெட்டிக்குக்கூட இவ்வளவு காவல் கிடையாது.

ஆகஸ்ட் 18, திங்கள்

பாட்டில் புறப்பட்டது. ஓசூர் பஸ் டிரைவர் எனக்குப் பழக்கம். "பத்திரம், உள்ள இருக்கது தாய்மாமன் சீர்" என்றேன். "உங்க சீர் வெடிக்குமா அண்ணாச்சி" என்று கேட்டார். என்னைப் பற்றி ஊரில் அப்படி ஒரு பெயர்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

"கிடைச்சுட்டு மாமா. அரக்கு முத்திரையைப் பாத்து பக்கத்து வீட்டுக்காரங்க கோர்ட் நோட்டீஸ்னு நெனச்சுட்டாங்க."

பேரானந்தம். இரவு மூன்று தோசை, சாஸோடு.

ஆகஸ்ட் 21, வியாழன்

சாயங்காலம் கோயிலில் பேச்சிமுத்துவைப் பார்த்தேன். மிளகாய் சாஸ் மகத்துவத்தைப் பத்து நிமிடம் விவரித்தேன். அவர் பூக்கட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப எந்தக் கட்டையில புகை போட்டீங்க அண்ணாச்சி?"

"உங்க கொய்யாக் கட்டைதான்."

"அது அங்கனயேல்லா கெடக்கு. நீங்க எடுக்கவே இல்லையேன்னு நேத்துகூட நெனச்சேன்."

நான் சிரித்தேன். "எடுத்தேனே வே. கெணத்துக்கு மேக்க கெடந்துச்சே."

அவர் கை நின்றது. "மேக்க கெடந்தது அரளில்லா. பாதைக்கு இடைஞ்சலா இருக்குன்னு வெட்டிப் போட்டது. கொய்யா கெழக்க கெடக்கு."

போய்ப் பார்த்தேன். கிழக்கே ஒரு குவியல். வழவழவென்ற பட்டை. மேற்கே வெறும் தரை, நான் கட்டு இழுத்த தடம்.

அரளி.

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். வடிவிடம் சொல்லவில்லை. நாடி பார்த்தேன், நிமிடத்துக்கு 96. அரளி நெஞ்சைத்தான் பிடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் நாலு நாளாகச் சாப்பிடுகிறேன். என்னைப் பற்றிக் கவலையில்லை.

இரவு எட்டு மணி. செண்பாவுக்குப் போன் செய்தேன். கூப்பிட்டதென்னவோ உள்ளதைச் சொல்லத்தான். அவள் குரலைக் கேட்டதும் வாயில் வேறு வந்தது.

"செண்பா, அந்தப் பாட்டில் மூடியில துரு இருக்குன்னு நெனக்கேன். தொடாத. வேற அனுப்புதேன்."

"போங்க மாமா, நேத்தே ஆரம்பிச்சாச்சு. தோசையில ஒரு சொட்டு விட்டேன். தோசை தட்டை விட்டு எந்திரிச்சு, ஜன்னல் வழியா ஓசூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு. டிக்கெட் எடுக்கலைன்னு இறக்கி விட்டுட்டாங்களாம்."

"எவ்வளவு சாப்பிட்ட?"

"பாதி பாட்டில் காலி."

பாதி பாட்டில்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலை நாடி 92. பத்து மணிக்கு 98. நாடி பார்த்ததால் கூடியதா, கூடியதால் பார்த்தேனா தெரியவில்லை.

டாக்டரிடம் போனேன். ஈசிஜி எடுத்தார். அந்த நீளக் காகிதத்தைப் பஸ் டிக்கெட் போலக் கிழித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் இல்ல. மிச்சத்தைக் குப்பையில போடுங்க" என்றார்.

"வேற ஒருத்தரும் சாப்பிட்டிருக்காங்க. ஆறாவது மாசம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "புகையில எவ்வளவு இறங்கியிருக்கும், இறங்குச்சா இல்லையான்னு நான் சொல்ல முடியாது. இனி தொட வேண்டாம்னு சொல்லுங்க. அவங்க டாக்டரை உடனே போய்ப் பாக்கச் சொல்லுங்க."

அவ்வளவுதான். ஒரே வரி. போனில் சொல்லி முடிக்க அரை நிமிடம் போதும்.

மதியம் போன் செய்தேன். "செண்பா, அந்த சாஸ்ல ஒரு பல்லி விழுந்திருக்குமோன்னு அத்தைக்குச் சந்தேகம்" என்றேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "நேத்து துரு, இன்னிக்குப் பல்லி. மாமா, பாட்டிலை யாருக்குக் குடுக்க மனசு மாறிட்டீங்க? தர மாட்டேன்."

"இல்லட்டீ, நெசமாவே."

"கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை வேன் கவுந்துட்டுன்னு நெசமாவேன்னுதான் சொன்னீங்க. மை கலைய அழுதேன். போட்டோல இன்னும் இருக்கு."

அவள் தப்பில்லை. அந்த வேன் கதையை நான்தான் சொன்னேன். வேன் வாசலில் வந்து நின்றபோது எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவனும் நான்தான்.

புனேவுக்கு மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். பல்லி என்று தொடங்கியதுமே, "மாமா, போன மாசம் எங்க அபார்ட்மெண்ட்ல சிறுத்தைன்னீங்க. நான் லீவு போட்டுட்டு உக்காந்திருந்தேன். இப்ப மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டார்.

எழுதக் கூடாது என்று வைத்திருந்ததை எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் நான் ஏன் பல்லி, துரு என்று உளறுகிறேன் என்பது எனக்கே விளங்காது. மூன்று வருடத்துக்கு முன், செண்பாவுக்கு நாலாவது மாதம். ஒரு மத்தியானம் அக்கா போன் செய்தாள். எடுத்தவுடன் நான், "என்ன பிரமுக்கா, பேரன் உள்ள இருந்துகிட்டே தாத்தாவைக் கூப்பிடுன்னு அடம் பிடிக்கானா" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் இன்னும் இரண்டு கேலி சொன்னேன். அப்புறம்தான் அக்கா அழுகிற சத்தம் கேட்டது. கரு கலைந்துவிட்டதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் பக்கத்தில் செண்பா நின்றிருக்கிறாள். போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அவளிடம் போனில் ஒரு கெட்ட சேதியைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

நாடி 101.

ஆகஸ்ட் 23, சனி

மீதி இரண்டு பாட்டிலையும் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்தேன். வடிவு பார்த்துவிட்டாள்.

"உலகத்துக்கே ஏற்றுமதின்னீங்க. இப்ப எதுக்குப் புதைக்கீங்க?"

சொன்னேன். கிழக்கே, மேற்கே, பட்டை, எல்லாம்.

"இந்த வாட்டி அரளிக் கதையா" என்று திரும்பிப் போகப் பார்த்தாள். இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த மண்வெட்டியை வாங்கிச் சுவரில் சாத்தினாள்.

"பட்டை வழவழன்னு இல்லன்னு அன்னிக்கே சொன்னேன்."

"சொன்ன."

"பிள்ளை சாப்பிட்டுட்டாளா?"

"பாதி பாட்டில்."

வடிவு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவளே எழுந்து செண்பாவுக்குப் போன் போட்டாள்.

"செண்பா, மாமா நாளைக்கு ஓசூர் வாராவ. சும்மாதான், பாக்கணுங்காவ. அந்த சாஸை அவாளோட சேந்துதான் சாப்பிடணுமாம், அது வரைக்கும் தொடக் கூடாதாம். ஆமா, கிறுக்குதான். நீ தொடாத, என்ன? சரிட்டீ."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "தனியா இருக்க பிள்ளைகிட்ட போன்ல சொல்ல வேண்டாம். நேர்ல போங்க. கூட்டிட்டு ஆஸ்பத்திரி போங்க. போய், சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லுங்க."

மூன்று நாளாக என்னால் முடியாததை ஒரு நிமிடத்தில் முடித்தாள். துருவும் இல்லை, பல்லியும் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலை ஐந்தரை. ஓசூர் நேர் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. மதுரை வழி சேலம் பஸ். ஜன்னல் சீட்.

கோவில்பட்டி. கண்டக்டர் என்னை அடையாளம் தெரிந்து, "ஒரு கதை சொல்லுங்க அண்ணாச்சி" என்றார். தலைவலி என்றேன்.

மதுரை. இட்லி வாங்கினேன். சாப்பிடவில்லை.

திண்டுக்கல் தாண்டி வண்டி நின்றது. டயர். முக்கால் மணி நேரம். ரோட்டின் நடுவில் வரிசையாக அரளி பூத்திருக்கிறது. இளஞ்சிவப்பு. இத்தனை வருடம் இந்த ரோட்டில் போய் வந்திருக்கிறேன்.

சேலம். பஸ் மாறினேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். "செண்பா, நான் தப்புக் கட்டையில் புகை போட்டுவிட்டேன். அது அரளி. சாஸ் சாப்பிட்டது உனக்கு ஆகாமல் போகலாம். இப்போதே டாக்டரிடம் போவோம்." பதினோரு முறை சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நடுவில் எங்கோ ஒரு வேடிக்கை வந்து ஒட்டிக்கொள்கிறது. பிய்த்துப் போட வேண்டியிருக்கிறது.

தொப்பூர். மேடு. வண்டி ஊர்கிறது.

கிருஷ்ணகிரி.

ஆகஸ்ட் 25, திங்கள், ஓசூர்

நேற்று மாலை ஆறேகாலுக்கு மணியை அழுத்தினேன். செண்பா கதவைத் திறந்தாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. முகம் வாடியிருந்தது.

"வாங்க வாங்க, எங்க யானைப் படை? தனியாவா வந்தீங்க?"

செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று சொன்னேன்.

"செண்பா, நான் தப்புக் கட்டையில புகை போட்டுட்டேன். அது அரளி. நீ சாப்பிட்டது உனக்கு ஆகாமப் போகலாம். வா, டாக்டர்கிட்டப் போவோம்."

அவள் சிரிக்கவில்லை. ஒரு முறைகூட என் முகத்தில் கேலி தேடவில்லை. கை மட்டும் தானாக வயிற்றுக்குப் போனது. அப்படியே சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு உள்ளே போனாள். ஆஸ்பத்திரி பைலை எடுத்து வரப் போகிறாள் என்று நினைத்தேன்.

பாட்டிலோடு வந்தாள்.

சிவப்பு நூல். அரக்கு. என் மோதிர முத்திரை. கீறல்கூட விழவில்லை. உள்ளே சாஸ் கழுத்து வரை நின்றது.

"நான் தொறக்கவே இல்ல மாமா."

அங்கே இருந்த செருப்பு ஸ்டாண்டு மேல் உட்கார்ந்தேன்.

"பாதி காலின்னியே."

"எப்படிச் சொல்ல? நீங்க கண்ணெல்லாம் செவந்து போய், ஜாடியை போன்ல கேக்க வச்சு, அரக்கு வச்சு அனுப்பியிருக்கீங்க. எனக்கு எதை வாயில வச்சாலும் பயமா இருக்கு மாமா. கேட்டது நான்தான், ஆனா வந்ததும் பயம். வீட்டுத் தண்ணியைக்கூட மூணு தடவை கொதிக்க வைக்கேன். தயிர் சோறு, தயிர் சோறு, அதுதான். போன தடவை எதனாலன்னு யாரும் சொல்லலையே. நான் எதைத் தின்னேன்னு யோசிச்சு யோசிச்சு..."

கொஞ்சம் கழித்து நான் கேட்டேன். "அந்தத் தோசை பஸ் ஸ்டாண்டுக்குப் போனது?"

"உங்களை மாதிரி சொல்லிப் பாத்தேன். நம்பிட்டீங்களா?"

முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்தவன். எத்தனை ஆயிரம் பேர் பொய்யை முகத்தைப் பார்த்தே பிடித்தேன். என் சொந்தப் பொய்யை, என் சொந்த ஜாடையில், என் மருமகள் எனக்கே டிக்கெட் கிழித்துக் கொடுத்திருக்கிறாள். நான் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு நாலு நாள் நாடி எண்ணியிருக்கிறேன்.

அவள் முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். அழும்போது ஒரு கையால் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். எனக்கு வேடிக்கை எதுவும் வரவில்லை, வந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

பாட்டிலை மூன்று கவர் சுற்றி, வெளியே 'விஷம்' என்று பெரிதாக எழுதி, நானே கீழே கொண்டு போய்க் குப்பைக்காரரிடம் கையில் கொடுத்துச் சொன்னேன். அவர் நம்பினார். என்னைத் தெரியாத ஊர்.

இரவு நான் சாதம் வடித்தேன். உப்பு, தயிர், இரண்டு சிட்டிகை பெருங்காயம். ஒவ்வொன்றையும் அவள் கண்ணுக்கு நேரே எடுத்துக் காட்டி, என்ன என்று சொல்லிப் போட்டேன். முதல் கவளத்தை நான் தின்றேன். அடுத்ததை அவள் தின்றாள். இரண்டாம் முறையும் சோறு வாங்கினாள்.

"மாமா, அடுத்த மாசம் வளைகாப்புக்கு என்ன கொண்டு வருவீங்க?"

"வளையல்."

தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"யானையாவது?"

சிறிது யோசித்தேன். "அதுக்கு டிக்கெட் எடுத்தாச்சு. மதுரையில சாப்பிட இறங்குன எடத்துல வண்டியைத் தவற விட்டுட்டு" என்றேன். அவளுக்குப் புரை ஏறியது. தலையில் தட்டினேன்.

வடிவுக்குப் போன் செய்து சொன்னேன். அவள், "சரி, சாப்பிட்டீங்களா" என்று மட்டும் கேட்டாள்.

இன்று காலை எழுந்து நெடுநேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. நேற்று மாலையிலிருந்து நாடி பார்க்க மறந்துவிட்டேன்.